மேலே பகல், கீழே இரவு

(ஓவிய ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண் சொக்கும் நேரம். கனவைப் பற்றிப் பேச வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் அமையாது. யாராவது தூங்கிவிட்டால், தலைப்போடு ஒத்துழைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஓர் ஓவியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெல்ஜியம் நாட்டு ஓவியர் ரெனே மக்ரித் வரைந்தது. பெயர் 'ஒளியின் பேரரசு'. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பல ஆண்டுகளாகக் காட்டி வருகிறேன். முதல் இரண்டு முறையும் நானே பாழாக்கினேன். எப்படிப் பாழாக்கினேன் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்பதால்தான் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடு. அதன் முன்னால் ஒற்றைத் தெருவிளக்கு எரிகிறது. கீழ்த்தளத்துச் சன்னல் கதவுகள் சாத்தியிருக்கின்றன. மாடிச் சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். வீட்டைச் சுற்றி மரங்கள் கறுத்து நிற்கின்றன. வீட்டுக்கு முன்னால் தேங்கிக் கிடக்கும் நீரில் விளக்கின் வெளிச்சம் விழுந்திருக்கிறது. நல்ல இரவு. ஆள் நடமாட்டம் இல்லை. இவ்வளவும் கீழ்ப்பாதி. கண்ணை மேலே கொண்டுபோனால் நீல வானம். வெள்ளை வெளேரென்று பஞ்சுமேகங்கள். நடுப்பகல்.

இதை மக்ரித் ஒருமுறை வரைந்து விட்டுவிடவில்லை. 1949இல் தொடங்கி எண்ணெய் வண்ணத்தில் மட்டும் 17 முறை வரைந்தார். நீர் தேங்கியிருப்பதாக நான் சொன்னது 1954இல் வரைந்தது. பிரஸ்ஸல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 146 சென்டிமீட்டர், அகலம் 114. ஏறக்குறைய நம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். 1967இல் அவர் இறந்தபோது இதே ஓவியத்தின் முடிக்கப்படாத பிரதி ஒன்றும் மிஞ்சியிருந்தது. 18 ஆண்டுகள் ஒரு மனிதர் ஒரே வானத்துக்கும் ஒரே தெருவுக்கும் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்.

சரி, என் வகுப்புக்கு வருகிறேன். முதல் முறை படத்தைத் திரையில் போடுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டேன். "இப்போது நீங்கள் பார்க்கப்போவது ஒரு விசித்திரமான ஓவியம். இதில் பகலும் இரவும் ஒன்றாக இருக்கும்" என்றேன். பிறகு படத்தைப் போட்டேன். பிள்ளைகள் பார்த்தார்கள். ஆமாம், மேலே பகல், கீழே இரவு. சொன்னது சரியாக இருக்கிறது. அவ்வளவுதான். நான் விடவில்லை. "இதன் மூலம் ஓவியர் சொல்லவரும் கருத்து என்ன?" என்று கேட்டேன். வகுப்பு அடங்கிப்போனது. கேட்டது தேர்வு வினா என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முதல் பெஞ்சில் ஒருவன் எழுந்து, "வாழ்க்கையில் இன்பமும் துன்பமும் மாறி மாறி வரும் சார்" என்றான். நான் அதைக் கரும்பலகையில் எழுதினேன். இன்னும் இரண்டு கருத்துகளை நானே சேர்த்தேன். எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது. அன்று அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. பேருந்தில் வரும்போதுகூட வகுப்பு நன்றாகப் போனதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சர்ரியலிசம் என்ற சொல்லை இங்கே சொல்லியாக வேண்டும். மீயதார்த்தம் என்று தமிழில் எழுதுவதுண்டு. 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் என்ற கவிஞர் பாரிஸில் அதன் அறிக்கையை வெளியிட்டார். அவர் மருத்துவம் படித்தவர். முதல் உலகப்போரின்போது மனம் குலைந்த படைவீரர்களைப் பராமரித்த மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஃபிராய்டைப் படித்தவர். விழித்திருக்கும் அறிவு மட்டுமே மனிதனின் முழு அறிவு என்று நம்பிய உலகம் அந்தப் பெரும்போரை நடத்தி முடித்திருந்தது. கனவுக்கும் ஓர் உண்மை உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் இவர்கள். வரலாறு இவ்வளவு போதும். பிள்ளைகளுக்கு இதுகூட வேண்டியதில்லை.

சர்ரியலிசம் என்றதும் நம் எல்லோருக்கும் சால்வடோர் தாலியின் உருகி வழியும் கடிகாரங்கள் நினைவுக்கு வரும். 1931இல் வரைந்தது. திரையில் பெரிதாகப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது 24 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர்தான், நம் வருகைப் பதிவேடு அளவு. அதில் எல்லாமே விசித்திரம். கடிகாரம் துணிபோலத் தொங்குகிறது, எறும்புகள் மொய்க்கின்றன. பார்த்த கணத்திலேயே "இது கனவு" என்று தெரிந்துவிடுகிறது.

மக்ரித்தின் வழி வேறு. அவருடைய வீட்டில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, வீடு வீடாகவே இருக்கிறது. விளக்கு, மேகம், மரம் எல்லாம் அப்படியே. கீழ்ப்பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் அது ஓர் ஒழுங்கான இரவுக் காட்சி. மேல்பாதி ஓர் ஒழுங்கான பகல் காட்சி. தனித்தனியே இரண்டிலும் பிழை இல்லை.

உங்கள் கனவை நினைத்துப் பாருங்கள். தேர்வறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அறையே உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையாகவும் இருக்கிறது. கண்காணிப்பாளராக வருபவர் பத்து வருடத்துக்கு முன் இறந்துபோன சித்தப்பா. கனவுக்குள் இருக்கும்போது இது எதுவும் நமக்கு ஆச்சரியமாக இல்லை. "அப்படித்தானே" என்று இருக்கிறோம். விழித்த பிறகுதான் திடுக்கிடுகிறோம். கனவின் மர்மம் அந்த வரிசையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் நம்புவது, பிறகு திடுக்கிடுவது. மக்ரித்தின் ஓவியம் இதைத்தான் நமக்குச் செய்கிறது. முதல் பார்வையில் ஓர் அழகான தெரு, ஒரு வீடு, மேலே வானம் என்று கண் நிம்மதியாக ஏற்றுக்கொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து முதுகில் ஏதோ ஊர்கிறது. ஆக, முன்கூட்டியே "இதில் பகலும் இரவும் இருக்கும்" என்று நான் அறிவித்தபோது, பிள்ளைகளைக் கனவு காண்பதற்கு முன்பே தட்டி எழுப்பிவிட்டேன்.

இரண்டாவது ஆண்டு செய்தது இதைவிட மோசம். அதற்கு மக்ரித்தின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவர் 1898இல் பிறந்தார். கலைஞர் என்றதும் நாம் நினைக்கும் தோற்றம் எதுவும் அவரிடம் கிடையாது. சுவர்த்தாள் தயாரிக்கும் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராக இருந்தவர். விளம்பர ஓவியங்கள் வரைந்து பிழைத்தவர். 1930 முதல் 1954 வரை பிரஸ்ஸல்ஸின் ழெத் பகுதியில் ஒரு சாதாரண வாடகை வீட்டில் குடியிருந்தார். கோட்டு சூட்டு அணிந்து, சாப்பாட்டு அறையில் சட்டத்தை நிறுத்தி வரைவார். நம்மில் பலருக்கு ஓவிய அறை இல்லை என்ற குறை இருக்கிறது. அவருக்கும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. இளம்வயதில் அவரை உலுக்கியது இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தெ கிரிக்கோ 1914இல் வரைந்த 'காதல் பாடல்'. ஒரு பழங்காலச் சிலையின் தலை, பக்கத்தில் ஒரு ரப்பர் கையுறை, ஒரு பச்சைப் பந்து. அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாக மக்ரித் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது அசல் ஓவியத்தை அல்ல, அதன் அச்சுப் படத்தை. "மூல ஓவியத்தை நேரில் பார்க்காத பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டி என்ன பயன்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இனி என் பிழை. மக்ரித்துக்கு 13 வயதாக இருந்தபோது, 1912இல், அவருடைய தாய் சாம்பர் ஆற்றில் மூழ்கித் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். வகுப்பை ஈர்க்க ஒரு நல்ல செய்தி கிடைத்துவிட்டது என்ற நினைப்பில், படத்தைக் காட்டியவுடன் அதைச் சொன்னேன். பிள்ளைகள் உறைந்துபோனார்கள். வகுப்பு என் கையில் இருப்பதாக எனக்குப் பெருமை. அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். தெருவிளக்கு என்றால் "அம்மா" என்றார்கள். மூடிய சன்னலா, அதுவும் அம்மா. அடுத்த வாரம் மக்ரித்தின் 'கோல்கொண்டா' ஓவியத்தைக் காட்டினேன். 1953இல் வரைந்தது. தொப்பியும் கோட்டும் அணிந்த மனிதர்கள் மழைத்துளிபோல வானமெங்கும் தொங்குவார்கள். நம் ஐதராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோட்டை நகரத்தின் பெயர்தான். ஓவியத்துக்கு அதைச் சூட்டியவர் ஸ்கூத்தனேர் என்ற கவிஞர். மக்ரித்தின் ஓவியங்களுக்கு நண்பர்கள் இப்படிப் பெயர் வைப்பது வழக்கம். இவ்வளவு வேடிக்கையான ஓவியத்தைக் காட்டி "என்ன தெரிகிறது?" என்று கேட்டால், பின்வரிசைப் பையன் எழுந்து சோகமான குரலில், "அவங்க அம்மா ஞாபகம் சார்" என்கிறான்.

சிரிக்கிறீர்கள். அன்று எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சாவி ஒன்றைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் எல்லாப் பூட்டையும் அதனால்தான் திறப்பார்கள். தன் ஓவியங்களுக்கு உளப்பகுப்பாய்வு விளக்கம் சொல்வதை மக்ரித்தே விரும்பியதில்லை. இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது, இரவும் பகலும் சேர்ந்து நிற்கும் காட்சிக்கு நம்மை வியக்கவும் மயங்கவும் வைக்கும் ஆற்றல் இருக்கிறது, அந்த ஆற்றலுக்குக் கவிதை என்று பெயர் என்ற பொருள்படச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார். அதைவிட முக்கியமாக, 13 வயதுப் பிள்ளைகள் முன்னால் 13 வயதுப் பையன் ஒருவனின் இழப்பை ஒரு சுவாரசியமான தகவலாகப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த வகுப்பில் யார் யாருக்கு என்ன இருந்தது என்று எனக்கு என்ன தெரியும்?

மூன்றாவது முறை ஒன்றும் சொல்லவில்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் விளக்கை அணைத்தேன். "மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது. பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று மட்டும் சொன்னேன். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதல் நிமிடம் நெளிந்தார்கள். இரண்டாவது நிமிடத்தில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தாள். ஒருவன் சன்னலுக்கு வெளியே நிஜ வானத்தைத் திரும்பிப் பார்த்தான். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். பேசாமல் இருப்பதற்கு நமக்கு யாரும் பயிற்சி தரவில்லையே!

பிறகு கேட்டது ஒரே கேள்வி: "என்ன பார்த்தீங்க?"

"வீடு சார்." "மரம் சார்." "தண்ணி சார்." இப்படித்தான் தொடங்கும். அவசரப்படக் கூடாது. ஒருவன், "சாயங்காலம் சார் அது" என்றான். இன்னொருவன் மறுத்தான். "சாயங்காலம்னா வானம் சிவப்பா இருக்கும்டா." முதல்வன் விடவில்லை. அவர்கள் தெருவில் ஆறரை மணிக்கே விளக்குப் போட்டுவிடுவார்களாம், வானம் அப்போதும் வெளிச்சமாகத்தான் இருக்குமாம். அவன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகும் மேலே இருக்கும் காற்றில் அதன் ஒளி படும். தரை இருண்டுவிடும், வானம் இருளாது. மக்ரித் அந்த வேளையின் அனுபவத்தைத்தான் பிடித்திருக்கிறார் என்று நான்கூடச் சில காலம் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு பெண் எழுந்து, "மேகம் வெள்ளையா இருக்கு சார். அந்நேரத்துக்கு மேகம் இவ்வளவு வெள்ளையா இருக்காது" என்றாள். வாதம் அங்கே முடிந்தது. அடுத்து ஒருவன் கேட்டான்: "தண்ணியில விளக்கு தெரியுது, வானம் ஏன் சார் தெரியல?"

நான் அதைக் கவனித்ததே இல்லை. அத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அந்த நீருக்கு மேலே பகல் இருக்கும் செய்தியே போய்ச்சேரவில்லை. அது இரவின் நீர்.

"வீட்டுக்குள்ள யாரு இருக்கா?" என்று கேட்டேன். இதைக் கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. நிறையப் பதில்கள் வந்தன. தேர்வுக்குப் படிக்கிறான், பேய் இருக்கிறது, குழந்தை அழுகிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். (பேய் என்று சொன்னவனைக் குறை சொல்ல முடியாது. 1973இல் வந்த 'எக்சார்சிஸ்ட்' படத்தில் பாதிரியார் தெருவிளக்கின் கீழ் வந்து நிற்கும் புகழ்பெற்ற காட்சிக்கு இந்த ஓவியம்தான் தூண்டுதல்.) கடைசியாக, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"அது சாவு விழுந்த வீடு சார்."

யாரோ சிரித்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. "எங்க ஆயா செத்தப்போ வெளிய நல்ல வெயில் சார். எல்லாரும் பாட்டுக்கு வேலைக்குப் போய்ட்டு இருந்தாங்க. எங்க வீட்டுக்குள்ள மட்டும் ராத்திரியாவே இருந்துச்சு."

என் வாய்வரை வந்துவிட்டது. மக்ரித்தின் தாய், ஆறு, 1912. "பார்த்தாயா, ஓவியர் வாழ்க்கையிலும்..." என்று தொடங்கியிருந்தால் அவள் சொன்னது சரியான விடையாகிவிட்டிருக்கும். அவளுடையதாக இருந்திருக்காது. பேசாமல் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த பையன்தான் திரும்பி அவளிடமே கேட்டான், கிண்டல் இல்லாமல்: "அப்ப வெளிய லைட்டு யாரு போட்டது?"

அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பக்கத்து வீட்டுக்காரங்க. அவங்கதான் போடுவாங்க. எங்க வீட்ல யாருக்கும் தோணல."

இந்த ஓவியத்தைப் பற்றிப் பலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். அந்தத் தெருவிளக்கை இப்படிப் பார்த்தவர் யாரும் இல்லை. அவள் சொன்னதுதான் ஓவியத்தின் பொருள் என்று நான் சொல்லவரவில்லை. அடுத்த பிரிவில் ஒரு பையன் அதே படத்தைப் பார்த்து, இரவுப் பணி முடித்து வந்த தன் அப்பா பகலில் தூங்கும் வீடு என்றான். அதுவும் அந்தப் படத்துக்குள் இருக்கிறது. இரண்டு பேருக்கும் இடம் கொடுத்த பிறகும் அந்த வீட்டின் சன்னல் திறக்கவில்லை. அடுத்த ஆண்டும் அது அப்படியே மூடியிருந்தது.

செய்முறையாகச் சில விஷயங்கள் கேட்டிருந்தீர்கள். திரை இல்லாவிட்டால் ஒரு வண்ண அச்சு போதும், நான்கு நான்கு பேராகக் கொடுங்கள். பார்த்து முடித்த பிறகு ஒரு குறிப்பேட்டால் மேல்பாதியை மூடச் சொல்லுங்கள், பிறகு கீழ்ப்பாதியை. கையை எடுக்கும் நொடியில் வகுப்பில் ஒரு சத்தம் எழும், அதற்காகவே செய்யலாம். மரங்களின் கறுப்பு உருவங்கள் வானத்துக்குள் நீண்டு இரண்டு பாதிகளையும் தைத்துவைத்திருப்பதை அப்போது அவர்களே கண்டுபிடிப்பார்கள். வரையச் சொல்லும்போது "விசித்திரமாக ஏதாவது வரை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எல்லோரும் இறக்கை முளைத்த யானை வரைந்துவிடுவார்கள். ஒழுங்கான இரண்டு காட்சிகளை ஒழுங்காக வரைந்து ஒரே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள். அது கடினமான வேலை, வண்ணம் தீட்டும் கையும் நன்றாகப் பழகும்.

விலையைச் சொல்லாதீர்கள். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் இந்த ஓவியத்தின் 1954ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று 12 கோடி டாலருக்கு மேல் போனது. நம் பணத்தில் ஆயிரம் கோடியைத் தாண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். வகுப்பில் சொன்னால் மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. மதிப்பெண்ணும் வேண்டாம். வளரறி மதிப்பீட்டுக்கு வேறு செயல்பாடுகள் எவ்வளவோ இருக்கின்றன.

மக்ரித்தின் தாயைப் பற்றி இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது யாராவது தனியாக வந்து அவரைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். இதுவரை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முன்கூட்டியே விளக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, அரைமணி நேரமாக இந்த ஓவியத்தை உங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். இனி நீங்கள் அதைப் புதிதாகப் பார்க்க முடியாது. அதற்கு ஈடாக, இதே ஓவியரின் வேறொரு படத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். அந்தக் கதவுப் பக்கம் இருக்கும் ஐயா விளக்கை அணைத்துவிடுங்கள். கைப்பேசிகளைக் கவிழ்த்து வையுங்கள். மூன்று நிமிடம்.